ஓசை செவிப்படுமாறு

ஓசை விசும்பின் குணம் என்பது தருக்க நூலார் கொள்கை. தருக்கசங்கிரகத்தைத் தமிழிற் பெயர்த்தருளிய மாதவச் சிவஞான யோகிகள் வாயிலாகத் தமிழ் மாணவர் பலரும் இதனைத் தொடக்கத்திலேயே பாடங்கேட்டிருப்பர். இக்காலத்துப் பௌதிக நூலாரோ, ஓசையாவது காற்று முதலிய பொருள்களில் நிகழும் ஓர் அசைவே என்றும், ஒரு பொருளும் இல்லாத வெற்றிடத்தின் வழியே அது செல்லாது என்றும் கண்கூடாகக் காட்டி நிறுவுகின்றனர். இவ்விரண்டனையும் ஒருங்கே கற்கும் மாணாக்கன் யாது செய்வான்? பள்ளியிற் கற்றதை ஒரு பேழையிலும் ஆசிரியர்பாற் கேட்டதை மற்றொரு பேழையிலும் இட்டுப் பூட்டி, ஒன்று மற்றொன்றைத் தீண்டாவாறு காத்துக்கொள்வோரே பலர். வேறு சிலர், மேனாட்டார் கண்டவையெல்லாம் நம் நூல்களில் முன்னரே உள என்று கூறி மகிழ்வர். இன்னுஞ் சிலர், ஒன்று பிழைத்தமையின் முழுதும் பிழையென எறிந்துவிடுவர். இம்மூன்றும் ஆராய்ச்சி நெறி ஆகா. முன்னோர் கூறியது யாது, இன்று காணப்பட்டது யாது, இவை எவ்விடத்து ஒத்து எவ்விடத்து முரணுகின்றன என்பதை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். அதுவே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தருக்க நூலார் ஓசையின் பிறப்பை மூவகையாகக் கூறுவர். முரசும் குணிலும் தாக்குதலாற் பிறப்பது சேர்க்கையிற் பிறந்த ஓசை. மூங்கிலைப் பிளக்குங்கால் சடசடவென எழுவது பிரிவிற் பிறந்த ஓசை. மூன்றாவது, ஓசையினின்றே பிறக்கும் ஓசை. இம்மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. முரசினிடத்துத் தோன்றிய முதலோசை அங்கேயே கெடும். அது கெடுமுன் தன்னை அடுத்த இடத்தில் தன்னையொத்த வேறோர் ஓசையைத் தோற்றுவிக்கும். அவ்வோசை மற்றொன்றைத் தோற்றுவிக்கும். இங்ஙனம் வழிவழி வந்த கடைசி ஓசையே செவியைச் சாரும். எனவே நாம் கேட்பது முரசினிடத்துப் பிறந்த ஓசையை அன்று, அதன் கான்முளையை என்க. இதற்கு இரண்டு உவமைகள் கூறுவர். ஒன்று, நீரில் எழும் அலை அடுத்த அலையை எழுப்புமாறு போல்வது. இதனை வீசிதரங்க நியாயம் என்ப. மற்றொன்று, கடம்பின் அரும்புகள் உருண்டை வடிவாய் எப்புறமும் ஒருங்கே தோன்றுமாறு போல்வது. இது கதம்பமுகுள நியாயம்.

இவ்விரண்டு உவமைகளுள் யாது சிறந்தது என்னும் வாதம் பழையது. இன்றைய அறிவு கொண்டு நோக்குவார்க்கு இரண்டும் ஒவ்வொரு கூற்றால் பொருந்தும். நீரலை நீரின் மேற்பரப்பிலே வட்டமாய்ப் பரவுவது. ஓசையோ மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரு கோளம்போல் விரிவது. ஆகலின் வடிவு பற்றிக் கடம்பரும்பும், செல்லும் முறை பற்றி அலையும் ஏற்புடைய உவமைகளாம்.

மீமாஞ்சகர் வேறு கூறுவர். எழுத்தொலி என்றும் உள்ளது; பிறப்பதன்று, வெளிப்படுவதே என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின் அஃது எப்போதும் கேளாமை என்னை எனின், அதனை வெளிப்படுத்துவது காற்றின் தொழில் என்பர். சொல்லுவான் முயற்சியால் உந்தப்பட்ட காற்று, அசையாது நின்ற காற்றைத் தாக்கிச் சேர்தலும் பிரிதலும் உண்டாக்கும் என்றும், அவை விசை உள்ளளவும் நாற்றிசையும் பரவும் என்றும், காற்றுக் கண்ணுக்குப் புலனாகாமையின் அவையும் புலனாகா என்றும் சபரர் தம் பாடியத்தில் விளக்குவர். சேர்தலும் பிரிதலும் என்னும் இச்சொற்கள் இன்றைய பௌதிக நூலார் நெருக்கமும் நெகிழ்வும் எனக் கூறுவனவற்றிற்கு மிக அணியன. ஆயினும் சபரர்க்கு அவை ஓசை அல்ல, ஓசையை வெளிப்படுத்தும் கருவிகளே என்பதை மறத்தலாகாது.

சமணர் ஓசையைக் குணம் எனக் கொள்ளாது பொருள் என்றே கொண்டனர். மொழிக்கு முதற்காரணம் அணுத்திரளின் ஒலி என்று பவணந்தியார் நன்னூலிற் கூறியது அக்கொள்கையைத் தழுவியது. தொல்காப்பியரோ பிறப்பியலில் உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாதலை விரித்து, உள்ளே எழும் ஒலியின் அளவை மறைநூல்களுக்கு விடுத்து, புறத்தே வந்து பொருள் தரும் ஒலியையே தாம் கூறுவதாக எல்லை வகுத்துக்கொண்டார். தம் நூல் எதுகாறும் செல்லும் என்பதை ஆசிரியரே கூறிவிடுதல் எத்துணைச் சிறந்த மரபு என்பதைக் கற்றோர் உணர்வர்.

இனி, வெற்றிடத்தில் ஓசை செல்லாது என்பது துணியப்பட்டவாறு காண்பாம். காற்றை வாங்கும் பொறி கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், கண்ணாடிக் கலத்துள் மணியை அமைத்துக் காற்றைப் போக்கிப் பார்த்தோர் சிலர், மணியோசை பின்னும் கேட்டதென்று கண்டு, ஓசைக்குக் காற்று வேண்டா என முடிவு செய்தனர். மணியைத் தாங்கிய தண்டின் வழியே ஓசை கலத்திற்கு ஏறி வெளிப்போந்தது என்பதை அவர் கருதிலர். இராபர்ட்டு பாயில் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு கடிகையை மெல்லிய நூலிற் கட்டிக் கலத்துள் தொங்கவிட்டுக் காற்றை வாங்கினார். காற்றுக் குறையக் குறைய அதன் ஓசை நலிந்து, முடிவில் அறவே கேளாதாயிற்று. காற்றை மீளவிட, ஓசையும் மீண்டது. இதனை அவர் 1660இல் வெளியிட்டார். கலத்துள் இருந்த கடிகை அப்போதும் கண்ணுக்குப் புலனாயிற்று என்பது கருதத்தக்கது. ஒளி வெற்றிடத்தைக் கடந்தது, ஓசை கடவாதாயிற்று.

காற்று ஓசையைச் சுமந்து செல்லுதலாவது யாது? வீசுங்காற்று ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்வது போல ஓசையுடன் காற்றும் பெயர்ந்து வருகின்றதோ எனின், அற்றன்று. விழாநாளில் திருவாயிலின்முன் அடியார் நெருங்கி நிற்க, பின்னிருந்த ஒருவர் முன்னுள்ளாரைத் தள்ளினாராக. அவர் ஓரடி சாய்ந்து தமக்கு முன்னின்றாரைத் தள்ளித் தம் நிலைக்கே மீள்வார். அத்தள்ளல் ஒருவர்பின் ஒருவராக வாயில்வரை சென்று சேரும். பின்னின்றவரோ பின்னேயே நிற்பர். மணியின் உடல் அதிருங்கால் அடுத்துள்ள காற்றை ஒருமுறை நெருக்கும், ஒருமுறை நெகிழவிடும். அந்நெருக்கமும் நெகிழ்வும் காற்றுத்துகள்களிடையே கைமாறிச் செல்லுதலே ஓசையின் செலவு. இயல்பாகப் பேசும் பேச்சில் ஒவ்வொரு துகளும் முன்பின் அசையும் தூரம் ஒரு மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. அப்பேச்சால் காற்றின் அழுத்தம் வேறுபடுவதும் ஏறத்தாழ ஐம்பது இலக்கத்தில் ஒரு பங்கே.

இச்செலவின் வேகத்தைக் கணக்கிட்டுக் காண முதலில் முயன்றவர் நியூட்டன். 1687இல் வெளிவந்த தம் பெருநூலில் காற்றின் நெகிழ்தன்மையையும் நிறையையும் கொண்டு அவர் கணித்த வேகம், அளந்து கண்டதினும் நூற்றுக்கு 15 பங்களவு குறைந்தது. அக்குறை ஒரு நூற்றாண்டிற்கு மேலும் விளங்காமலே கிடந்தது. காற்று நெருக்கப்படுங்கால் வெம்மையுறும் என்றும், ஓசையின் அதிர்வு விரைவில் நிகழ்தலின் அவ்வெம்மை வெளியேறக் காலம் இல்லை என்றும், அதனால் காற்று மேலும் விறைப்புற்று ஓசை விரைந்து செல்லும் என்றும் 1816இல் இலாப்பிலாசு காட்டிய பின்னரே கணக்கும் அளவும் ஒத்தன. கணக்குப் பிழைபட்டபோது நியூட்டனைப் பொய்யரென்று எறிந்தாரும் இலர். பிழையை மறைத்து அவரைப் போற்றுதலோடு அமைந்தாரும் இலர். நூலாராய்வோர்க்கும் இது நன்னெறி.

இவ்வளவையில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாராய்ச்சி நிலையத்துத் தலைவர் கோல்டிங்காம் என்பார், புனித சார்ச்சுக் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாடோறும் வெடிக்கப்பட்ட பீரங்கிகளின் ஒளி தோன்றிய கணத்திற்கும் ஓசை கேட்ட கணத்திற்கும் இடைப்பட்ட காலத்தை அளந்துவந்தார். பரங்கிமலை அந்நிலையத்திற்கு ஏறத்தாழ 29,500 அடித் தொலைவு. கோட்டை ஏறத்தாழ 14,000 அடி. ஒவ்வொரு நாளும் வெம்மை, காற்றின் அழுத்தம், ஈரம், காற்று வீசுந்திசை என்பவற்றையும் உடன் குறித்தார். குளிர்ந்த மாதங்களினும் வெம்மை மிக்க மாதங்களில் ஓசை விரைந்து வருதல் அதனாற் புலனாயிற்று. அவர் ஆராய்ச்சி 1823இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது. வெம்மை 0 பாகையில் ஓசை நொடிக்கு 331 மீட்டர் செல்லும். பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் மிகும். சென்னையின் 30 பாகை வெம்மையில் பரங்கிமலைப் பீரங்கியோசை நுங்கம்பாக்கத்தை அடைய 26 நொடி ஆகும் என்பதை எவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உரத்த ஓசையும் மெல்லிய ஓசையும், உயர்ந்த சுருதியும் தாழ்ந்த சுருதியும் காற்றில் ஒரே வேகத்தில் செல்லுகின்றன. இஃது எளிதிற் காணத்தக்கது. திருவீதியின் கோடியில் நாகசுரமும் தவிலும் முழங்க, இக்கோடியில் நிற்பார்க்கும் தாளம் பிறழாது கேட்கின்றது. உயர்சுருதி முந்தியும் தாழ்சுருதி பிந்தியும் வருமாயின், சிறிது தொலைவில் நிற்பார்க்கே இசை சிதறிப் போயிருக்கும்.

காற்று ஒன்றே ஓசைக்கு ஊர்தியோ எனின், அன்று. 1826இல் செனீவா ஏரியில் கொல்லாடன், சுத்தர்ம் என்னும் இருவர், நீருள் அமிழ்த்திய மணியை அடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் அப்பால் படகிலிருந்து நீருட் செருகிய குழல்வழியே ஓசையைக் கேட்டு அளந்தனர். நீரில் ஓசை நொடிக்கு 1,435 மீட்டர் சென்றது. காற்றிற் செல்வதன் நான்கு மடங்கிற்கும் மேல். இரும்புக் கோலிலோ நொடிக்கு 5,000 மீட்டர் அளவில் செல்லும். இருப்புப்பாதையிற் செவி வைத்து வண்டி வரவை முன்னறியும் சிறார்க்கும் இது தெரியும்.

ஈண்டு ஒன்று குறிக்கத்தகும். தருக்க நூலார் ஓசையை விசும்பு ஒன்றற்கே உரிய குணமாகக் கூற, சித்தாந்த நூல்கள் விசும்பிற்கு ஓசையும், வளிக்கு ஓசை ஊறும், தீக்கு அவற்றொடு உருவும், நீர்க்கு அவற்றொடு சுவையும், நிலத்திற்கு அவற்றொடு நாற்றமும் என ஐம்பூதத்திற்கும் ஓசையை உடன்படுகின்றன. காற்றும் நீரும் இரும்பும் தத்தமக்குரிய வேகத்தில் ஓசை தாங்குதலை நோக்க, முன்னதினும் பின்னது காட்சிக்கு இயைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் இதனைக்கொண்டு செனீவா ஏரி ஆராய்ச்சியை ஆகமங்கள் முன்னறிந்து கூறின எனல் மிகையாம். நூல் கூறியது குணங்களின் வைப்பு முறை. ஏரியில் அளந்தது வேகம்.

விசும்பின் தொழில் இடங்கொடுத்தல் என்ப. பாயிலின் கலத்துள் இடம் இருந்தது, காற்றுப் போயிற்று, ஓசையும் போயிற்று. ஆகவே, வெறும் இடமே ஓசையைச் சுமந்து செல்லும் எனப் பொருள் கொள்வோமாயின் அது காட்சியளவையோடு முரணும். காட்சிக்கு உட்பட்ட பொருளில் உரையளவையைக் காட்டிக் காட்சியை மறுத்தல் அளவை நூல் முறையன்று. விசும்பு பற்றிய கூற்றை நாம் வேறுவகையாற் கொள்ளுதல் வேண்டும். ஐம்பொறிக்கு ஐம்புலன், ஐம்புலனுக்கு ஐம்பூதம் என உலகை அறிவான் நின்று பகுத்த பகுப்பு அது. பொருள்கள் தம்முள் எவ்வாறு தாக்கி இயங்குகின்றன என்பதை விளக்கும் நூல் வேறு. அறிவுக்கு அவை எவ்வாறு புலனாகின்றன என வகுக்கும் நூல் வேறு. ஒன்றன் வேலையை மற்றொன்றின்மேல் ஏற்றியதே இடர்ப்பாட்டிற்கெல்லாம் வேர் என்பது எம் கருத்து.

இனிச் செவியினை நோக்குவாம். இது மிக வியக்கத்தக்க கருவி ஆதலின் சிறிது விரிவாகவே கூறுதும்.

புறத்தே தோன்றும் மடல் ஓசையைத் திரட்டும். அதனினின்று ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழை வழியே சென்றால் அதன் முடிவில் மெல்லிய தோல் ஒன்று விரிந்து நிற்கும். செவிப்பறை என்னும் பெயர் அதற்கு முற்றும் பொருந்தும். காற்றின் நெருக்கமும் நெகிழ்வும் அதனை உள்ளும் புறமும் அசைக்கும். அதற்கு அப்பால் நடுச்செவி என்னும் சிறு அறை. அதனுள் காற்று நிரம்பியிருக்கும். தொண்டையினின்று ஒரு சிறு குழல் அங்குச் சென்று இருபுறத்துக் காற்றழுத்தத்தையும் ஒப்பாக்கும். இவ்வறையில் சுத்தி, பட்டடை, அங்கவடி என வடிவாற் பெயர் பெற்ற மூன்று என்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவினது. உடம்பிலுள்ள என்புகளுள் இதனிற் சிறியது பிறிதில்லை.

இவ்வென்புகள் எற்றுக்கு? உட்செவி நீர்மப்பொருள் நிரம்பியது. காற்றில் வரும் ஓசை நேரே நீரின் மேற்பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கே உட்புகும்; ஏனையவெல்லாம் திரும்பிவிடும். குளத்துள் மூழ்கியிருப்பான் கரையில் நின்று கூவுவானது குரலைக் கேளாமைக்கு இதுவே காரணம். செவிப்பறையின் பரப்பு அங்கவடி பொருந்தும் சாளரத்தின் பரப்பைப்போல ஏறத்தாழ 17 மடங்கு. பெரும்பரப்பில் விழுந்த விசையைச் சிறுபரப்பிற் குவித்தலாலும், என்புகள் நெம்புகோல்போல் தொழிற்படுதலாலும் அழுத்தம் 20 மடங்கிற்கு மேற் பெருகி நீரை அசைக்க வல்லதாகின்றது. சளிநோயால் இவ்வறையில் நீர் கோத்துக்கொண்டால் பறையும் என்பும் அசைய இடமின்றிச் செவி மந்தப்படும். செவி விசும்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஓசையை அறியும் என்னும் உண்மை விளக்கக் கருத்து ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் அந்நூலுடையார் நடுச்செவியை அறுத்துக் கண்டு கூறினார் என யாம் சாதிக்க வரவில்லை.

உட்செவியிலுள்ள ஓசையுறுப்பு நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுக்குச் சிறிது மிகையாகச் சுருண்ட குழலாகும். அதனை நேராக நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவே நீளும். குழலின் நீளம் முழுதும் ஒரு மெல்லிய தகடு ஓடுகின்றது. அடியில் அது குறுகி விறைப்பாகவும், நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கும். யாழின் நரம்புகள் தம் சுருதிக்கு ஒத்த ஓசை வந்தபோது தாமே அதிர்வதுபோல இத்தகட்டின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய சுருதிக்கே அதிர்கின்றது என 1863இல் எல்மோல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் கூறினார். பின்னர் வான் பெக்கசி என்னும் அங்கேரி நாட்டு அறிஞர், இறந்தோர் செவிகளை நுணுகி அறுத்து, தகட்டின்மேல் ஓர் அலை அடியினின்று நுனி நோக்கி ஓடுவதையும், சுருதிக்கேற்ப ஓரிடத்தில் மட்டும் உயர்ந்தெழுந்து அடங்குவதையும் கண்ணாற் கண்டார். உயர்ந்த சுருதி அடியிலும் தாழ்ந்த சுருதி நுனியிலும் எழும். இதற்காக அவருக்கு 1961இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எல்மோல்ட்சு கூறிய தனித்தனி நரம்புகள் இல்லையெனினும், சுருதிக்கு ஓரிடம் உண்டென்ற அவர் துணிபு நிலைபெற்றது.

நரம்பு என்ற சொல் பண்டை நூல்களில் யாழின் தந்தியையே பெரிதும் குறிக்கும். இன்று உடம்பின் அறிவிழைகளைக் குறிக்கின்றது. செவியாராய்ச்சியில் இவ்விரு பொருளும் ஒருங்கு வந்து கூடுதல் நம் மொழிக்குக் கிடைத்ததோர் அழகு. தட்டின்மேல் நுண்ணிய மயிர்முனைகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500. புறவரிசைகளில் ஏறத்தாழ 12,000. தகடு எழுந்தடங்குங்கால் மயிர்முனைகள் சாய்கின்றன. அச்சாய்வே மின்விசையாக மாறி, 30,000 அளவினவாகிய அறிவிழைகள் வழியே மூளைக்குச் செல்கின்றது. நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை இளையோர் செவிக்குப் புலனாம். முதுமையில் மேலெல்லை தாழும். அமைதியான இடத்தில் நன்னிலையிலுள்ள செவி உணரத்தக்க மிக நுண்ணிய ஓசையால் செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் குறுக்களவினும் சிறியது. இதனினும் நுண்மை வேண்டுவார் இலர். இதனினும் சிறிது நுண்ணிதாயின் நம் குருதியோட்டமே நமக்கு இரைச்சலாகிவிடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய வாதத்தை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஓசை செவிக்கு வருகின்றதா, செவி ஓசைக்குச் செல்கின்றதா? தருக்க நூலார் ஓசையே வரும் என்பர். தருமராச அத்துவரீந்திரர் வேதாந்த பரிபாஷையில் கண்ணைப் போலச் செவியும் பொருளிருக்கும் இடத்திற்குச் செல்லும் என்பர். முரசோசையை அங்கே கேட்டேன் என ஒருவன் கூறுகின்றான். என் செவிக்குள் கேட்டேன் எனக் கூறுகின்றிலன் என்பது அவர் காட்டும் ஏது. இதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. உண்மையிலேயே நாம் ஓசையைத் திசையொடும் சேய்மையொடும் கூட்டியே கேட்கின்றோம். ஓசை செவியை வந்து தீண்டிய பின்னரே அறியப்படுமாயின், வந்த திசை தெரிவது எங்ஙனம்?

விடை இரண்டு செவிகளில் உளது. வலப்புறத்து எழுந்த ஓசை வலச்செவியை முந்தியும் இடச்செவியைப் பிந்தியும் அடையும். அவ்விடையீடு மிகுந்தாலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குக் குறைவே. உயர்ந்த சுருதியாயின் தலை இடைநின்று மறைத்தலின் அப்புறச் செவிக்கு ஓசை மெலிந்தும் கேட்கும். காலத்தாலும் வலிமையாலும் உண்டாகும் இவ்வேறுபாடுகளை ஒப்பிட்டு மூளை திசையைத் துணிகின்றது என்பதை 1907இல் இரேலி பெருமகனார் விளக்கினார். நேர் எதிரும் நேர் பின்னும் எழும் ஓசைகளில் இவ்வேறுபாடு இன்மையின் அவற்றை நாம் மயங்குவதும், மயங்கியபோது தலையைச் சிறிது திருப்புவதும் அனைவர்க்கும் உள்ள வழக்கம். எனவே, அங்கே என்னும் உணர்வு செவி வெளிச்சென்று கொண்டுவந்ததன்று. வந்தவற்றை ஒப்பிட்டு உய்த்துணர்ந்தது. வேதாந்தியார் காட்டிய அனுபவம் மெய்யே; அதனின்று அவர் கொண்ட முடிபே பொருந்தாதாயிற்று.

செவியென்னும் உறுப்பே செவிப்பொறி அன்று என்பதும், அவ்வுறுப்பில் நின்று தொழிற்படும் ஆற்றலே பொறி என்பதும், அஃது அகங்காரத்தினின்று தோன்றியது என்பதும் சித்தாந்தம். உறுப்பு முற்றும் நலமாயிருந்தும், மனம் பிறிதொன்றிற் பதிந்தார்க்கு அருகில் அடித்த மணியும் கேளாது. பௌதிகமும் உடற்கூற்று நூலும் மூளையின் கண் எவ்விடத்து மின்விசை சென்று சேர்கின்றது என்பதுவரை காட்டும். அதனைக் கேட்டேன் என்பான் யாவன் என்னும் வினா அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தொல்காப்பியர் செய்ததுபோல அவ்வெல்லையில் யாமும் நின்றுகொள்வோம்.

ஆயின் கோயிலொடு பழகுவார்க்கு இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. நம் மண்டபங்கள் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் தன்மேற் படும் ஓசையில் மிகச் சிறு பங்கையே ஏற்று, ஏனையதைத் திருப்பிவிடும். ஓதுவார் ஓரெழுத்தை ஒலித்து முடித்த பின்னும் அது சுவர்க்குச் சுவர் தாவி நெடுநேரம் நின்று, அடுத்து வரும் எழுத்துக்களின்மேற் படியும். இசைக்கு அது நிறைவு தரும், சொற்றெளிவைக் கெடுக்கும். ஓதுவார் நிறுத்தி நிறுத்திப் பாடும் மரபு கல்மண்டபத்திற்கு நன்கு பொருந்திய மரபு. வாலசு சபைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1895 முதல் ஆர்வர்டுக் கழகத்து விரிவுரைக் கூடமொன்றில் மெத்தைகளை இட்டும் எடுத்தும் ஓசை நிற்கும் காலத்தை அளந்து, இதற்கோர் கணக்கு வகுத்தார். அவர் காட்டியபடி, மக்களின் உடலும் உடையும் ஓசையை நன்கு விழுங்குவன. மண்டபம் நிறைந்திருக்கும்போது சொல் தெளிவாகவும், வெறுமையாக இருக்கும்போது குழம்பியும் கேட்பது அதனால்தான்.

இவ்வுண்மை அறியாதார், சொல் விளங்கவில்லையெனக் கண்டவுடன் ஒலிபெருக்கியின் விசையை மிகுக்கின்றனர். ஓசை எத்துணை மிகுமோ அத்துணையும் அதன் எதிரொலியும் மிகும். தெளிவோ சிறிதும் கூடாது. கூடுவது கேடு ஒன்றே. செவியின் மயிரணுக்கள் மக்களில் ஒருமுறை அழிந்தால் மீளத் தளிர்ப்பன அல்ல. 85 தெசிபெல் அளவான ஓசையில் நாளொன்றுக்கு 8 மணிநேரத்திற்கு மேல் இருத்தல் கேடென்பர் மருத்துவர். தெசிபெல் 10 மிக, ஓசையின் ஆற்றல் 10 மடங்காம் ஆதலின், 95இல் தாங்கத்தக்க காலம் அதனினும் மிகக் குறுகிவிடும். இந்திய அரசு 2000இல் வகுத்த விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பகற்காலத்திற்கும் நம் கோயிற் குழுவினர் தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்தும் அத்திருமுறையைக் கேட்கச் செவிகள் இருக்கும். ஒரு பெரும் ஒலிபெருக்கிக்கு மாறாகச் சிறியன பலவற்றை அடியார்க்கு அணித்தாக அமைத்து மெல்ல ஒலிப்பித்தலே இதற்குத் தக்க வழி.

முடிப்பதற்குமுன், செவி ஓசைக்குச் செல்கின்றதா என்னும் வாதத்தொடு தொடர்புடைய புதுமை ஒன்று. புறவரிசை மயிரணுக்கள் வாளா நின்று ஏற்பன அல்ல. தாமே நீண்டும் குறுகியும் தகட்டின் அசைவைப் பெருக்குவன. அவ்வியக்கத்தால் உட்செவி ஒரு மெல்லிய ஓசையைத் தானே பிறப்பிக்கின்றது. அஃது என்புகளையும் செவிப்பறையையும் பின்னோக்கி அசைத்து, குழை வழியே வெளிவருகின்றது. கெம்பு என்னும் ஆங்கில அறிஞர் 1978இல் இதனை நுண்ணிய ஒலிவாங்கி கொண்டு கண்டறிந்தார். இன்று மருத்துவமனைகளில் பிறந்து ஓரிரு நாளே ஆன குழவியின் செவியில் சிறு முனையொன்றைப் பொருத்தி மெல்லோசை எழுப்பி, செவி மறுமொழியாக எழுப்பும் ஓசையைக் கேட்டு, குழவிக்குக் கேட்கும் ஆற்றல் உண்டோ இன்றோ என ஆய்கின்றனர். குழவி உறங்கிக்கொண்டிருக்கும்போதே அவ்வாய்வு முடிந்துவிடும்.